வீன்ஹௌசன் மடத்துப் பெண்கள்



ஐரோப்பாவின் மத்தியகாலக் கலை என்றதும் வானளாவிய பேராலயங்களும் அவற்றின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுமே நம்மில் பலருக்கு நினைவில் எழுகின்றன. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு மரத்தளத்தின் இடுக்குகளுக்குள் விழுந்து கிடந்த சில சிறு பொருள்களையும், அவற்றைத் தவறவிட்ட பெண்களையும் பற்றியதாகும்.

வட ஜேர்மனியில் செல்லே என்னும் பழைய நகருக்கு அண்மையில் வீன்ஹௌசன் என்ற கிராமம் இருக்கிறது. சிங்க ஹென்றி எனப் புகழ்பெற்ற கோமகனின் மருமகளான ஆக்னஸ் என்னும் பெருமாட்டி, 1230ஆம் ஆண்டளவில் இங்கு ஒரு கன்னியர் மடத்தை நிலைபெறச் செய்தாள். சிஸ்டேர்சியன் ஒழுக்கத்தைப் பின்பற்றிய மடம் அது. பெரும்பாலும் பிரபுக் குலங்களிலும் நகரத்துச் செல்வர் இல்லங்களிலும் பிறந்த பெண்கள் இங்கு வந்து சேர்ந்தனர். எல்லோரும் இறையார்வத்தினால் மட்டுமே வந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. மணம் முடித்து வைக்க இயலாத மகளை மடத்துக்கு அனுப்புவதும் அக்காலக் குடும்ப வழக்கமே.

செங்கல்லால் எழுந்த அவர்களது பாடற்கூடம் மேல்மாடியில் அமைந்தது. 1335ஆம் ஆண்டளவில் அதன் சுவர்களையும் வளைகூரையையும் ஒரு சாண் இடமும் விடாமல் ஓவியங்களால் நிறைத்தார்கள். உலகப் படைப்பு முதலாக விவிலியக் கதைகள் சுவர்களிலிருந்து மேலேறி, கூரையிலே விண்ணக எருசலேமாக விரிகின்றன. பகலில் ஏழு முறையும் இரவில் ஒரு முறையும் கூடித் திருப்பாடல்களை இசைத்த அந்தப் பெண்களுக்கு, இந்தக் கூடமே வானமும் வையமுமாக இருந்திருக்கும். ஓவியங்கள் மங்கியபோது 1488இல் அவற்றைப் புதுப்பித்தவர்களும் மடத்துக் கன்னியர் மூவரே என்று மடத்து வரலாறு குறிக்கிறது. மூவருக்கும் கேர்ட்ரூட் என்று ஒரே பெயர்! தூரிகை பிடித்த பெண்களின் பெயர் ஏட்டில் ஏறுவதே அரிது. ஏறியபோதும் மூவரையும் பிரித்தறிய வழியில்லாமற் போயிற்று.

சுவரோவியத்திலும் அதிகமாக என்னைக் கவர்ந்தவை அவர்களது தையற் சித்திரங்கள். தடித்த லினன் துணியில் வண்ணக் கம்பளி நூலால், துணியே தெரியாதபடி நெருக்கமாக இழைத்த பெருந்திரைகள் அவை. அவற்றுள் மிகப் பழையது 1300ஆம் ஆண்டளவைச் சேர்ந்தது. அதில் இருப்பது புனிதர் வரலாறு அன்று. திரிஸ்தான், இசோல்டே காதற்கதை! மாமனுக்குப் பெண் அழைத்துவரப் போன வீரன், வழியிலே மருந்துபானம் அருந்தி அவள்மேலேயே தீராக் காதல் கொண்ட கதை. படவரிசைகளின் நடுவே குலச்சின்னங்கள். அத்துடன் கீழ்ஜேர்மன் மொழியிற் கதை கூறும் எழுத்துகள். துறவு பூண்டவர்களுக்கு இது எதற்கு என்ற கேள்விக்கு, இது நிலையாமையை உணர்த்த வந்தது என்று விளக்கம் கூறுவோர் உளர். எனக்கு அது சற்று வலிந்த பொருளாகவே படுகிறது. வீட்டில் கேட்டு வளர்ந்த கதையை மடத்து வாயிலிலே கழற்றி வைத்துவிட முடியுமா?

மற்றொரு திரை, 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது, நமக்கு இன்னும் நெருங்கியது. புனித தோமையார் இந்திய அரசன் ஒருவனுக்கு மாளிகை கட்டச் சென்ற பழங்கதையைச் சொல்வது அது. மயிலாப்பூரிலே அடக்கமானவர் என்று மரபு போற்றும் அதே தோமையார்தான். கடலையே கண்டிராத வடபுலத்துப் பெண்கள் ஊசிமுனையால் ஓர் இந்தியாவைக் கற்பனை செய்திருக்கிறார்கள்.

1469இல் மடத்துக்குப் பெருஞ்சோதனை வந்தது. துறவொழுக்கம் தளர்ந்துவிட்டது என்று சீர்திருத்தவாதியான யோகான்னஸ் புஷ், நாட்டுக் கோமகனின் துணையோடு வந்தார். கன்னியர் இணங்கவில்லை. நெடுங்காலம் மடத்தை ஆண்ட தலைவி கத்தரீனா ஃபொன் ஹோயாவைப் பதவி நீக்கி அப்பால் கொண்டுசென்றனர். வேறு மடத்திலிருந்து புதிய தலைவியை அமர்த்தினர். நடந்ததைப் புஷ் தாமே எழுதி வைத்திருக்கிறார். வென்றவரின் எழுத்து என்பதை மனத்திற்கொண்டே அதைப் படிக்கவேண்டும். ஆயினும் அக்காலத்தை ஒட்டித் தொகுத்த பாட்டேடு ஒன்று 1934இல் மடத்தில் அகப்பட்டது. லத்தீனிலும் கீழ்ஜேர்மனிலுமாக ஏறத்தாழ அறுபது பாடல்கள். பெரும்பாலானவை பக்திப் பாடல்கள்; அவற்றோடு பறவைகளின் திருமணத்தைப் பாடும் வேடிக்கைப் பாட்டும் இருக்கிறது. சீர்திருத்தத்தாலும் சிரிப்பை ஒழிக்க முடியவில்லை போலும்.

அடுத்த நூற்றாண்டில் லூதரின் மதம் வந்தது. கோமகன் ஏர்ன்ஸ்ட் அதனைத் தழுவிக் கன்னியரையும் தழுவச் சொன்னார். அவர்கள் மறுத்தார்கள். சொத்துகள் பறிபோயின; மடத்துக் கட்டடங்கள் சில இடிபட்டன. பெண்கள் பல்லாண்டு தாக்குப்பிடித்தனர். 1587இல்தான் புரட்டஸ்தாந்து தலைவி ஒருவர் முதன்முதலாகப் பொறுப்பேற்றார்.

இனி அந்த மரத்தளத்துக்கு வருவோம். 1953இல் திருத்த வேலைக்காகப் பாடற்கூடத்துப் பலகைகளைப் பெயர்த்தபோது, நூற்றாண்டுகளின் தூசிக்குள்ளே சிறு கத்திகள், எழுத்துத் துணுக்குகள், செபப்புத்தகத்துள் வைக்கும் கையளவுப் பக்திப் படங்கள் முதலியன வெளிப்பட்டன. அவற்றிடையே மூக்குக் கண்ணாடிகளும் இருந்தன. மரச் சட்டமிட்ட இரு வட்டங்களை ஓர் ஆணியால் இணைத்தவை. காதிலே மாட்டும் தண்டு கிடையாது. மூக்கிற் கவ்வவைத்துப் படிப்பார்கள், அல்லது கையாற் பிடித்துக்கொள்வார்கள். எஞ்சியுள்ள மூக்குக் கண்ணாடிகளில் உலகிலேயே மிகப் பழையவற்றுள் இவை அடங்கும்.

மடத்து ஏடுகள் நிலக்கொடைகளையும் தலைவியரின் ஆட்சிக் காலங்களையும் சொல்கின்றன. கண்பார்வை மங்கிய பின்னும் விடாமல் படித்தவள் ஒருத்தி அங்கு இருந்தாள் என்பதை இந்தக் கண்ணாடி சொல்கிறது. குளிர்ந்த இருட்டிலே, இரவுச் செபத்தின் நடுவே, அது மூக்கிலிருந்து நழுவி இடுக்கிலே விழுந்திருக்கலாம். குனிந்து தேட வயதும் இடங்கொடுத்திராது. பாட்டு நின்றிருக்கவும் மாட்டாது.

மடம் லூதர் சபையைச் சார்ந்த பெண்களின் இல்லமாக இன்றும் நிலைத்திருக்கிறது. தலைவி ஒருவர் இருக்கிறார். தையற் திரைகள் ஒளிபட்டு வெளிறிவிடாதவாறு மங்கிய வெளிச்சத்திலே காக்கப்படுகின்றன. அந்தக் கண்ணாடிகளும் அங்கேயே உள்ளன.