கண்டி வீதியும் இசைப் பட்டமும்

எமது பழைய மாணவியர் சங்கம் நூறாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில், அதிபர்களைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் விளையாட்டுக் கிண்ணங்களைப் பற்றியும் இம்மலரில் எழுதப் பலர் இருக்கிறார்கள். மருத்துவத் தொழிலில் இருக்கும் நாம் எழுத எடுத்துக்கொண்டது இசையை. அதற்கு ஒரு காரணம் உண்டு. காலைப் பிரார்த்தனையிலும் கலைமகள் விழாவிலும் பரிசளிப்பு விழாவிலும் பாடிய குரல்கள் எம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் குரல்களுக்கு உரியவர்கள் பின்னர் மருத்துவர்களாகவும் கணக்காளர்களாகவும் ஆசிரியைகளாகவும் ஆனார்கள். இசையையே பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர்களோ மிகச் சிலர். திறமை இல்லாததால் அப்படி ஆகவில்லை. கண்டியிலிருந்து இசைப் பட்டத்துக்குச் செல்லும் பாதை நீண்டதாகவும் பல காலம் அடைபட்டதாகவும் இருந்தது. அந்தப் பாதையின் வரலாற்றையே இங்கு சொல்ல முயல்கிறோம்.

பள்ளி நாட்களில் எமக்கு முன் இரண்டு ஏணிகள் இருந்தன. ஒன்று மேலைத்தேய இசை. பியானோவும் வயலினும் பயின்ற தோழியர் லண்டனிலிருந்து நடத்தப்பட்ட பரீட்சைகளுக்குத் தோற்றினார்கள். மற்றையது கர்நாடக இசை. 1931இல் தொடங்கிய வட இலங்கை சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை வைத்தது. யாழ்ப்பாணத்தில் தோன்றிய அச்சபையின் பரீட்சைகளை மலைநாட்டுப் பிள்ளைகளும் எழுதினார்கள். கடைசிப் படியான ஆசிரியர் தரத்தில் சித்தி எய்தியவர் 'கலாவித்தகர்' என்ற பட்டத்தைப் பெயரோடு சேர்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் பாட்டு ரீச்சர் ஆவதற்கு அது உதவியது. ஆனால் அது பல்கலைக்கழகப் பட்டம் அன்று. ஏணி அத்தோடு முடிந்தது. பலர் அதற்கு முன்னரே இறங்கிவிட்டார்கள். உயர் தரத்தில் உயிரியலோ கணிதமோ எடுத்தால் சுருதிப் பெட்டி அலுமாரியின் மேல் தட்டுக்குப் போய்விடும்.

பரீட்சை ஏணிக்கும் பல்கலைக்கழகப் படிப்புக்கும் என்ன வேறுபாடு என்று இளைய சகோதரிகள் கேட்கலாம். பல்கலைக்கழக இசைப் படிப்புக்கு மூன்று கால்கள் உண்டு: ஆற்றுகை, ஆக்கம், ஆய்வு. அதாவது மேடையில் பாடுவது அல்லது வாசிப்பது, புதிதாக இசை அமைப்பது, இசை எப்படி உண்டானது, எப்படி இயங்குகிறது என்று ஆராய்வது. தரப் பரீட்சை முதற் காலை நன்றாக ஊன்ற வைக்கும். மற்ற இரண்டுக்கும் நூலகமும் வழிகாட்டும் ஆசிரியரும் ஆண்டுக்கணக்கான அவகாசமும் வேண்டும்.

உலகெங்கும் இக்கதவு பெண்களுக்குத் தாமதமாகவே திறந்தது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் இசையில் பட்டம் வழங்கத் தொடங்கியது பதினைந்தாம் நூற்றாண்டில். 1856இல் எலிசபெத் ஸ்டெர்லிங் என்ற ஓர்கன் கலைஞர் அங்கே இசை இளமாணிப் பரீட்சையில் சித்தி எய்தினார். பெண் என்பதால் பட்டம் கொடுக்கப்படவில்லை. பெண்களுக்குப் பட்டம் வழங்க ஒக்ஸ்போர்ட் இசைந்தது 1920இல்தான். எமது சங்கத்தின் வயதோடு ஒப்பிட்டால் அது அதிக காலம் அன்று.

தமிழுலகில் இசை கல்லூரிப் பாடமானதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். 1927இல் சென்னையில் அகில இந்திய இசை மாநாடு நடந்தது. அடுத்த ஆண்டு மியூசிக் அக்கடமி தோன்றியது. அந்த ஆண்டுகளிலேயே, பெண்களுக்கென 1914இல் தொடங்கப்பட்ட குயின் மேரீஸ் கல்லூரியில் இசை ஒரு பாடமானது. அங்கு கற்பித்த பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இசைத் துறையை வளர்த்தார். 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானபோது இசைக் கல்லூரியும் அதன் அங்கமாக இருந்தது. அங்கு படித்தோர் பெற்ற 'சங்கீத பூஷணம்' என்ற பட்டம் இலங்கையிலும் மதிப்புப் பெற்றது. எமது ஊரிலிருந்து அங்கு செல்ல விரும்பியவர் பொல்கஹவெலவில் புகையிரதம் மாறித் தலைமன்னார் சென்று, கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்க வேண்டும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அதுவே வழி. ஆண்பிள்ளைகள் போனார்கள். மகளைத் தனியே கடல் தாண்டி அனுப்ப எத்தனை பெற்றோர் துணிந்திருப்பார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இலங்கைத் தமிழரின் இசை ஆய்வுக்கு அடித்தளம் இட்டவர் சுவாமி விபுலாநந்தர். 1892இல் காரைதீவில் பிறந்த அவர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி என்பதை எம் போன்ற விஞ்ஞானப் பிரிவு மாணவியர் மறக்கக் கூடாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தபின், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் வரும் இசைக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு, வழக்கொழிந்துபோன யாழ் எப்படி இருந்திருக்கும், அதில் நரம்புகள் எப்படிச் சுருதி கூட்டப்பட்டன என்று கணக்கிட்டார். பௌதிகமும் கணிதமும் அறிந்தவர் என்பதால் சுருதிகளை எண் விகிதங்களாகப் பார்க்க அவரால் முடிந்தது. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 'யாழ் நூல்' அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் மறைந்தார். அவர் தமிழ்ப் பேராசிரியர். இசைக்கென்று அன்று எமது பல்கலைக்கழகத்தில் துறை இருக்கவில்லை. நாட்டின் மிகப் பெரிய தமிழ் இசை ஆய்வு, இசைத் துறை இல்லாத பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவரின் கையால் நிறைவேறியது.

1952இல் அந்தப் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்தது. கண்டி நகரிலிருந்து நாலு மைல். எமது பள்ளியின் பிள்ளைகள் பஸ்ஸில் போய்ப் படிக்கக்கூடிய தூரம். அங்கே பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர நாடகம என்ற பழைய பாட்டு நாடக மரபிலிருந்து 1956இல் 'மனமே'யைப் படைத்தார். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' என அவை வரிசையாக வந்தன. அண்ணாவிமார் பாடிய பாட்டும் மத்தளமும் தாளமும் ஆராய்வதற்குரியவை என்று படித்தவர்கள் ஏற்றுக்கொண்டது அப்போதுதான். ஆனால் கூத்து தமிழ்த் துறையின் நிழலில் வளர்ந்தது. கர்நாடக இசையைத் தமிழில் பட்டப் படிப்பாகப் பயில விரும்பிய கண்டிப் பெண்ணுக்குப் பேராதனையின் வாசல் அருகில் இருந்தும் உதவவில்லை.

அந்த வாசல் வடக்கில் திறந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்காக ஒரு கல்லூரி நிறுவினார். அவரது மருகர் சு. நடேசபிள்ளை 1960இல் அதே மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரியைத் தொடங்கினார். மகாராஜபுரம் சந்தானம் போன்ற முன்னணி வித்துவான் தமிழகத்திலிருந்து வந்து அதன் அதிபராகப் பணியாற்றினார். அங்கு பயின்றோர் 'இசைக்கலைமணி' ஆனார்கள். 1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் அமைந்தது. 1975இல் இசைக் கல்லூரி அதனோடு இணைந்தது. 1979இல் அவ்வளாகம் தனிப் பல்கலைக்கழகம் ஆனபோது முதல் துணைவேந்தரானவர், பேராதனையில் கூத்தை மேடையேற்றிய அதே வித்தியானந்தன். பிற்காலத்தில் டிப்ளோமா நுண்கலைமாணிப் பட்டமாக உயர்ந்தது. கிழக்கில் மட்டக்களப்பு கல்லடியில் விபுலாநந்தர் பெயரால் தொடங்கிய இசை நடனக் கல்லூரியும் பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நிறுவகமாகி, அங்கும் பட்டப் படிப்பு வந்தது.

இங்கே எமது ஊர்ப் பெயர் ஒரு விசித்திரமான முறையில் நுழைகிறது. ஏ9 நெடுஞ்சாலை கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. யாழ்ப்பாணத்தார் அதைக் 'கண்டி வீதி' என்றே அழைக்கிறார்கள். இசைப் பட்டத்துக்கான பாதை எமது வாசலிலேயே தொடங்கியது. ஆனால் 1990இல் போர் அதை மூடியது. 2002 ஏப்ரலில் திறந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடியது. 2009இல் போர் முடிந்தபின்னரே நிலையாகத் திறந்தது. இப்போது நாற்பதுகளில் இருக்கும் எமது தலைமுறை உயர் தரம் எழுதிய ஆண்டுகளில் பெரும்பாலும் அந்தப் பாதை அடைபட்டே கிடந்தது. மட்டக்களப்புப் பாதையிலும் சோதனைச் சாவடிகளும் அச்சமும் நிறைந்திருந்தன. வானொலியில் ஒவ்வொரு நாளும் செய்தி கேட்டுக்கொண்டிருந்த பெற்றோர், பாட்டுப் படிக்க மகளை எங்கே அனுப்புவார்கள்? 'கலாவித்தகர்' வரை போன தோழியர் அத்தோடு நின்றார்கள். ஒரு தலைமுறையின் குரல்கள் இப்படித்தான் வீட்டுச் சுவாமியறைக்குள் அடங்கின. இதை யார் மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. நூறாண்டுக் கணக்கில் இந்த இழப்பும் எழுதப்பட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

இன்று பாதை திறந்திருக்கிறது. கர்நாடக சங்கீதத்தை உயர் தரத்தில் ஒரு பாடமாக எடுத்து, செயன்முறைத் தேர்விலும் தேறினால், எமது பள்ளிப் பிள்ளை மருதனார்மடத்திலோ கல்லடியிலோ நாலு ஆண்டு படித்து நுண்கலைமாணி ஆகலாம். அதன்பின் முதுதத்துவமாணி, கலாநிதி என மேலே போகலாம். இந்திய அரசின் புலமைப்பரிசில் பெற்றுத் தமிழகத்தில் படிக்கலாம். மேலைநாடுகளில் வாழும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் புல்லாங்குழல் வித்துவான் டி. விஸ்வநாதன் 1975இல் இராக ஆலாபனை பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் பரதக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி. மேடைக் கலைஞரே ஆய்வாளராகவும் இருக்கலாம் என்பதற்கு அவர் சாட்சி.

ஆனால் பட்டம் பெறப் போகும் எமது பிள்ளை வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. கண்டியில் வளர்ந்தவளின் காதில் மூன்று மேளங்கள் ஒலிக்கின்றன. எசல பெரஹராவின் கண்டி மேளம், கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில் திருவிழாவின் தவில், தோட்டங்களில் மாசி மாதக் காமன்கூத்தில் அடிக்கும் தப்பு. இம்மூன்றையும் பிள்ளைப் பருவத்திலிருந்தே கேட்டு வளரும் வாய்ப்பு யாழ்ப்பாணத்து மாணவிக்கோ சென்னை மாணவிக்கோ எளிதில் கிடைக்காது. கண்டியை 1739 முதல் 1815 வரை ஆண்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் வழியினர். கண்டி நடனத்தின் 'வன்னம்' என்ற பெயருக்கும் எமது 'வண்ணம்' என்ற சொல்லுக்கும் உள்ள உறவைப் பாடத்தையும் தாளத்தையும் ஒப்பிட்டு ஆராய, இரு மொழியும் கேட்டு வளர்ந்த கண்டிப் பிள்ளையைவிடப் பொருத்தமானவர் யார்?

தோட்டப் பாடல்களின் கதை இன்னும் அவசரமானது. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாக வந்தது. அதற்கு முன்பே, கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளருக்காகத் தாமே பாட்டுக்கட்டிக் கூட்டங்களில் பாடினார். ஆக்கம் என்று பல்கலைக்கழகம் சொல்வதை மலைநாட்டில் ஒரு பெண் அப்போதே செய்திருக்கிறார். ஆனால் இத்தகைய பாடல்களில் அச்சேறியவை பெரும்பாலும் சொற்கள் மட்டுமே. எந்த மெட்டு, எந்த நடை, எங்கே மூச்சு நிறுத்தம், தப்பின் அடி எப்படி மாறும் என்பவை பாடியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. அவர்களுக்கு எழுபதும் எண்பதும் ஆகிவிட்டது. ஒருவர் மறைந்தால் அவர் அறிந்த மெட்டும் மறைகிறது. மருத்துவமனையில் வயதான தோட்டத்து அம்மாமார்களைப் பார்க்கும்போதெல்லாம் எமக்கு இந்த எண்ணம் வருகிறது.

ஆகவே சங்கத்தின் இரண்டாம் நூற்றாண்டுக்கு இரண்டு சிறிய காரியங்களை முன்வைக்கிறோம். ஒன்று: பள்ளியில் ஒரு பிள்ளை இசையைப் படிக்க விரும்பினால், "பாட்டுப் படிச்சு என்ன செய்யப் போகிறாய்?" என்று வீட்டில் கேட்பார்கள். அந்த நாளில் எம்மில் ஒருவர், மருத்துவரோ பொறியியலாளரோ, அந்தப் பெற்றோரோடு போய் இருந்து பேச வேண்டும். எம் போன்றவர்களைக் காட்டித்தான் அவர்கள் பிள்ளையை வேறு பக்கம் திருப்புகிறார்கள். எனவே எமது சொல்லுக்கு அங்கே பெறுமதி உண்டு. விடுதிச் செலவுக்கு உதவி தேவைப்பட்டால் அதையும் பேசலாம்.

மற்றது: ரொறன்ரோவிலோ மெல்பேர்ணிலோ ஹட்டனிலோ இருக்கும் ஒவ்வொரு சகோதரியும் தம் அம்மா, அம்மம்மா, அப்பாயி பாடும் தாலாட்டையும் கும்மியையும் ஒப்பாரியையும் கைபேசியில் பதிவு செய்ய வேண்டும். பாடியவர் பெயர், ஊர் அல்லது தோட்டம், யாரிடம் கற்றார், எந்த வேளையில் பாடுவது என்ற நான்கு விபரங்களையும் அவரது சம்மதத்தோடு குறித்துக்கொண்டு சங்கத்திடம் சேர்க்கலாம். நாளை எமது பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை கண்டி வீதி வழியே இசை ஆய்வுக்குப் போகும்போது, அவளுக்கு முதலில் தேவைப்படுவது இந்தப் பதிவுகள்தான். அவற்றை இப்போதே சேர்க்கத் தொடங்குவோம்.