கொழும்பும் பாஞ்சாலங்குறிச்சியும் கண்ட உடன்படிக்கை

குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே நடந்தால் மணப்பாடு. வடக்கே போனால் திருச்செந்தூர், வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி. பாண்டியன் பெயரைச் சுமந்து நிற்கும் இந்தக் கரையும் கொழும்பும் எதிரெதிர் வாசல்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பறித்த பிறகு முத்து, சங்கு, துணி மூன்றையும் கொழும்பிலிருந்தே மேய்த்தார்கள். தூத்துக்குடிக்கு உத்தரவு வருவதும் கப்பல் வருவதும் சிப்பாய் வருவதும் அங்கிருந்துதான். அந்த வழியில் வந்த ஓர் உடன்படிக்கையைப் பற்றியது இந்தக் கட்டுரை.

அது வெளிச்சத்துக்கு வந்தது 1783 ஆகஸ்டில், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்த மறுநாள். ஆங்கிலேயப் படைத்தலைவர் கர்னல் வில்லியம் ஃபுல்லர்ட்டன் கோட்டைக்குள் நுழைந்தபோது துப்பாக்கிகளும் வெடிமருந்தும் குண்டுகளும் குவிந்து கிடந்தன. 40,000 நட்சத்திர வராகன் கிடைத்தது. அதை அங்கேயே படைக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார். அவற்றோடு கொழும்பு டச்சு அரசுக்கும் கட்டபொம்மு நாயக்கருக்கும் இடையிலான உடன்படிக்கையின் மூலப் பிரதியும் இருந்தது. இந்தக் கட்டபொம்மு, நாம் திரையில் பார்த்த வீரபாண்டியர் அல்லர். அவருக்கு முன்னால் பட்டத்தில் இருந்தவர். வீரபாண்டியர் பட்டமேற ஏழு ஆண்டுகள் இருந்தன.

கையில் கிடைத்தது என்ன என்பது ஃபுல்லர்ட்டனுக்கு உடனே விளங்கியிருக்கும். படைக்கு வருவதற்கு முன் அவர் பாரிஸிலிருந்த பிரிட்டிஷ் தூதரகத்தில் செயலாளராக வேலை பார்த்தவர். 1780-ல் ஷெல்பர்ன் பிரபு தம்மை இழிவாகப் பேசினார் என்று அவரோடு துப்பாக்கி எடுத்துச் சண்டைக்கு நின்றவர். தூதர்களின் மொழியும், அரசுகள் ஒன்றுக்கொன்று எழுதிக்கொள்ளும் தாள்களின் எடையும் அவருக்குப் பழக்கம். வேறொரு படைத்தலைவர் வராகனை எண்ணிக்கொண்டு போயிருப்பார். இவர் உடன்படிக்கையைப் பற்றிச் சென்னைக்கு எழுதினார்.

அது எழுதப்பட்ட காலச் சூழலைப் பார்க்க வேண்டும். 1780 டிசம்பரில் இங்கிலாந்து ஹாலந்தின் மேல் போர் அறிவித்தது. சண்டை மூண்டது ஐரோப்பாவில். அதன் தீ நம் கரையில் எரிந்தது. 1781 நவம்பரில் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1782 ஜனவரியில் திருகோணமலை போனது. அதே ஆண்டு தூத்துக்குடியும் போனது. மறுபக்கம் ஹைதர் அலி கர்நாடகம் முழுக்கப் படை நடத்திக்கொண்டிருந்தார். ஆர்க்காட்டு நவாபு முகமது அலி 1781 டிசம்பரில் தம் நாட்டு வரி வருவாயை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடமே ஒப்படைத்தார். பாளையக்காரர்கள் நவாபுக்குக் கொடுத்தும் கொடாமலும் இழுத்தடித்து வந்த கிஸ்தியைக் கேட்க, இப்போது கம்பெனியின் ஆளே திருநெல்வேலிக்கு வந்து உட்கார்ந்தார்.

அப்போது கொழும்பில் ஆளுநராக இருந்தவர் இமான் வில்லம் ஃபால்க். அவருடைய அரசுக்குத் தூத்துக்குடிக்குப் பின்னால் இருக்கும் கரிசல்காடு வேண்டும். பருத்தி அங்கே விளைகிறது, நெசவாளர் அங்கே இருக்கிறார்கள், பொதிமாடுகள் வரும் பாதை பாளையக்காரர் காவலில் இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சிக்கு வேண்டியது துப்பாக்கியும் மருந்தும், ஆங்கிலேயனை எதிர்க்கும் ஒரு துணையும். கடலில் ஒரு வல்லரசு, கரையில் ஒரு மண்கோட்டை. இரண்டுக்கும் பகை ஒன்று. உடன்படிக்கை பிறக்க இது போதும்.

இதே வேலையை ஆங்கிலேயர்கள் எதிர்க்கரையில் செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை நேராகும். திருகோணமலையைப் பிடித்த கையோடு, சென்னை ஆளுநர் மெக்கார்ட்னி ஹ்யூ பாய்ட் என்ற தூதரைக் கண்டிக்கு அனுப்பினார். கண்டி அரியணையில் அப்போதுதான் ஏறியிருந்த ராஜாதி ராஜசிங்கன் மதுரைச் சீமையிலிருந்து போன நாயக்கர் வழி வந்தவர். டச்சுக்காரரை விரட்ட உதவுங்கள், உடன்படிக்கை செய்துகொள்வோம் என்றார் பாய்ட். கண்டி மன்னர் மறுத்துவிட்டார். 1762-ல் பைபஸ் என்ற தூதரை அனுப்பி ஆசை காட்டிவிட்டுக் கம்பெனி கைவிட்டது அரண்மனைக்கு மறக்கவில்லை. வியாபாரக் கம்பெனியோடு பேச்சில்லை, உங்கள் அரசர் எழுதட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பும் வழியில் பாய்ட் பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டார். திருகோணமலையையும் 1782 ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் பிடித்துக்கொண்டார்.

கண்டி நாயக்கரோடு கம்பெனி பேசினால் அது ராஜதந்திரம். பாஞ்சாலங்குறிச்சி நாயக்கரோடு டச்சுக்காரர் பேசினால் அது கலகம். ஆங்கிலேயரின் காகிதங்களில் பாளையக்காரர்கள் கள்ளர் கூட்டமாகவும் அடங்காத காட்டு இனமாகவும் வருகிறார்கள். வரி கட்ட வேண்டிய குத்தகைக்காரர்கள் என்பதுதான் சட்டத்தில் அவர்களுக்குக் கொடுத்த இடம். ஒரு வல்லரசு குத்தகைக்காரனோடு உடன்படிக்கை எழுதாது. கொள்ளைக் கூட்டத்தோடும் எழுதாது. நாட்டைக் கையில் வைத்திருப்பவனோடுதான் எழுதும். துரோகத்துக்குச் சான்றாக ஃபுல்லர்ட்டன் தூக்கிக் காட்டிய உடன்படிக்கையை நான் அப்படித்தான் படிக்கிறேன். பாஞ்சாலங்குறிச்சி தன்னை ஓர் அரசாக நினைத்தது. கடலுக்கு அப்பால் இருந்த இன்னோர் அரசு அதை ஒப்புக்கொண்டது.

ஃபுல்லர்ட்டன் வந்த சமயம் கட்டபொம்மு கோட்டையில் இல்லை. மேற்கே மலையடிவாரத்தில் சொக்கம்பட்டியை முற்றுகையிட்டிருந்தார். அவர் இல்லாத நேரம் பார்த்து விரைந்து வந்தது படை. பாஞ்சாலங்குறிச்சிக்குக் கல்மதில் கிடையாது, அகழி கிடையாது. கரிசல் மண்ணைக் குழைத்து எழுப்பிய சுவர், அதைச் சுற்றி மனிதன் நுழைய முடியாத முள்வேலி. 1801-ல் அங்கே சண்டையிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் அளவே சொல்கிறார்: சுமார் 500 அடி நீளம், 300 அடி அகலம், 12 அடி உயரச் சுவர். பீரங்கிக் குண்டு அந்த மண்ணில் புதைந்துபோகும். கல்லைப் போல் தெறித்து விழாது. 1783-ல் சுவர் பிளக்கச் சாயங்காலம் ஆனது. பிளவில் ஏறிய வெள்ளைக்காரச் சிப்பாய்களை உள்ளிருந்தவர்கள் நெஞ்சோடு நெஞ்சாக நின்று தடுத்தார்கள். இரு பக்கமும் பிணம் குவிந்தது. இரவோடு இரவாகக் கோட்டைக்காரர்கள் வெளியேறிவிட்டார்கள். வெடிமருந்தையும் வராகனையும் விட்டுப் போக நேர்ந்த அந்த அவசரத்தில் உடன்படிக்கையும் தங்கிவிட்டது.

கட்டபொம்மு சிவகிரிப் பாளையக்காரரோடு போய்ச் சேர்ந்தார். ஃபுல்லர்ட்டன் சிவகிரி மலைக்கோம்பைக்குள்ளும் படையோடு புகுந்தார். கடைசியில் இருவரும் பணிந்து பேச்சுக்கு வந்தார்கள். ஹைதரின் மகன் திப்புவோடு போர் நடந்துகொண்டிருந்ததால் பாளையங்களை வேரறுக்க ஃபுல்லர்ட்டனுக்கு நேரமில்லை. நிபந்தனை பேசி முடித்துவிட்டுப் பாலக்காட்டை நோக்கிப் போய்விட்டார்.

கொழும்பு என்ன செய்தது? உதவிப்படை வரவில்லை. 1784 மே 20-ல் பாரிஸில் இங்கிலாந்தும் ஹாலந்தும் சமாதானம் எழுதிக்கொண்டன. நாகப்பட்டினம் ஆங்கிலேயருக்கு, திருகோணமலை ஹாலந்துக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். 1785-ல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குத் திரும்பியது. கிட்டங்கிகள் திறந்தன, துணிப் பொதிகள் ஏறின. அந்தச் சமாதானத்தில் பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒரு வரி இல்லை. தங்களோடு கை கோத்துக் கோட்டையையும் இழந்தவனுக்கு ஒரு மன்னிப்பு வாங்கித் தரக்கூட யாருக்கும் தோன்றவில்லை. இதை எழுதும்போது எனக்கு ஆங்கிலேயன்மேல் வரும் கோபத்தைவிட டச்சுக்காரன்மேல் வரும் கோபம் பெரிது. ஆங்கிலேயன் பகைவன், பகைவன் செய்வதைச் செய்தான். இவர்கள் கைச்சாத்திட்டவர்கள்.

1799 அக்டோபர் 16-ல் வீரபாண்டியக் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். 1801 பிப்ரவரியில் அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து இடித்த கோட்டையை ஒரு வாரத்துக்குள் எழுப்பினார். ஊமைத்துரையின் ஆட்கள் தூத்துக்குடியையும் பிடித்தார்கள். இம்முறை கடலுக்கு அப்பாலிருந்து எந்த உடன்படிக்கையும் இல்லை. 1795 முதல் தூத்துக்குடியும், அடுத்த ஆண்டு முதல் கொழும்பும் ஆங்கிலேயர் வசம். மார்ச் 31-ல் மதிலேறிய கம்பெனிப் படையை உள்ளிருந்தவர்கள் நீண்ட வல்லயங்களால் குத்தித் தள்ளினார்கள். அந்த மண்சுவரை வீழ்த்தக் கம்பெனிக்கு மே 24 வரை ஆயிற்று. வேற்றரசின் உடன்படிக்கை இருந்தும் 1783-ல் ஓர் இரவில் விழுந்த கோட்டை, அந்தத் துணை இல்லாமல் இரண்டு மாதம் நின்றது.

உடன்படிக்கை பற்றிய செய்தி இதற்குள் லண்டன் போய்விட்டது. ஃபுல்லர்ட்டன் மெக்கார்ட்னிக்கு எழுதிய நீண்ட கடிதத்தை 1787-ல் நூலாக அச்சிட்டார். அதில் பாஞ்சாலங்குறிச்சியில் கிடைத்தவற்றின் வரிசையில் உடன்படிக்கையும் இருக்கிறது. அங்கிருந்து அது மறுபடி நம் தேரிக்காட்டுக்கே வந்து சேர்ந்தது. குலசேகரன்பட்டினத்திலிருந்து உடன்குடி, திசையன்விளை என்று தென்மேற்கே போனால் இடையன்குடி. 1841-ல் அங்கே வந்து குடியேறிய பாதிரியார் கால்டுவெல், திருநெல்வேலிச் சரித்திரம் எழுத ஃபுல்லர்ட்டனின் நூலை எடுத்துக்கொண்டார். 1881-ல் சென்னை அரசு அச்சகத்தில் அது வெளிவந்தது. கால்டுவெல் பாளையக்காரர் பக்கம் நின்றவர் அல்லர். ஆங்கில ஆட்சி வந்ததே நல்லது என்று எழுதியவர். ஆனாலும் அந்தச் செய்தியை விட்டுவிடவில்லை. கொழும்பு அரசையும் கட்டபொம்மு நாயக்கரையும் ஒரே வாக்கியத்தில் உடன்படிக்கையின் இரு தரப்பாக நிறுத்தி அச்சேற்றினார்.