தலைநகர வான்தடை வலயம்

தலைநகர வான்தடை வலயம் என்பது, ஒரு நாட்டின் நாடாளுமன்றமும் அரசுத் தலைமைச் செயலகமும் உயர்பதவியினரின் உறைவிடங்களும் அமைந்த நகரத்தின்மேல், வானூர்திகள் பறப்பது முற்றிலும் விலக்கப்பட்ட அல்லது நிபந்தனைகளுக்கு உட்படுத்தப்பட்ட வான்பரப்பாகும். வானூர்தியியலில் இத்தகைய பரப்புகள் மூவகைப்படும்: எவரும் பறக்கக்கூடாத 'தடைப் பகுதி', குறித்த நிபந்தனைகளை நிறைவேற்றுவோர் மட்டும் பறக்கக்கூடிய 'கட்டுப்பாட்டுப் பகுதி', பீரங்கிப் பயிற்சி போன்ற ஆபத்து நிகழக்கூடியது என விமானிகளை எச்சரிக்கும் 'அபாயப் பகுதி'. இவ்வலயங்கள் உண்மையில் பயன் தருகின்றனவா என்னும் வினா, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் உலகெங்கும் எழுந்தது.

சட்ட அடிப்படை

1944 டிசம்பரில் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கை, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழு இறைமை உண்டு என்று முதல் பிரிவிலேயே ஏற்கிறது. அதன் ஒன்பதாம் பிரிவு, படைத்துறைத் தேவைக்காகவோ பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ சில பகுதிகளில் பறத்தலைத் தடுக்க அரசுகளுக்கு உரிமை அளிப்பதுடன், அத்தடை உள்நாட்டு விமானத்துக்கும் அயல்நாட்டு விமானத்துக்கும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்றும், அதன் பரப்பு நியாயமான அளவைத் தாண்டி வான்போக்குவரத்துக்கு வீண் இடையூறு ஆகக்கூடாது என்றும் வரம்பு கட்டுகிறது.

இந்தியாவில் 1934-ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டமும் 1937-ஆம் ஆண்டின் வானூர்தி விதிகளும் இதற்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தன. அச்சட்டத்துக்கு மாற்றாக, 2024-இல் இயற்றப்பட்ட பாரதீய வாயுயான் அதினியம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. இந்தியத் தடைப் பகுதிகள் தில்லியின் குடியரசுத் தலைவர் மாளிகையோடு நிற்பதில்லை. மதுரா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, கல்பாக்கம் அணுமின் நிலையம் ஆகியவற்றின் மேலும், பார்சி மக்கள் தம் இறந்தோரைக் கிடத்தும் மும்பை மலபார் குன்றின் அமைதிக் கோபுரத்தின் மேலும் பறத்தல் தடுக்கப்பட்டிருப்பதால், தடையின் நோக்கம் பாதுகாப்பாக மட்டுமன்றி ஒரு சமூகத்தின் மாண்பைக் காப்பதாகவும் இருக்கக்கூடும் என்பது விளங்கும்.

தில்லி

இந்திரா காந்தி பன்னாட்டு விமான நிலையம் நகரின் மையத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலேயே இருப்பதால், தில்லியின் தடைப் பகுதியைப் பெரிதாக விரிக்க இயலாது. செப்டம்பர் 11 தாக்குதலின் விளைவாக, நகர் நடுவே உள்ள சஃப்தர்ஜங் விமானத் தளத்தில் சிறு விமானங்களின் பயிற்சிப் பறத்தல் 2002-இல் நிறுத்தப்பட்டது. ட்ரோன்களுக்கென 2018-இல் வெளியான விதிமுறைகள், தில்லியின் விஜய் சௌக் சதுக்கத்தைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்துக்குள்ளும், மாநிலத் தலைநகர்களில் தலைமைச் செயலக வளாகத்தைச் சுற்றி 3 கிலோமீட்டர் ஆரத்துக்குள்ளும் அவற்றைப் பறக்கவிடுவதைத் தடுத்தன. அவற்றின் பின்வந்த 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள், நாட்டின் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பகுத்து, சிவப்பு வலயத்தில் பறக்க மத்திய அரசின் அனுமதியைக் கட்டாயமாக்கின. தலைநகரை முன்னிட்டு எழுந்த இந்த எச்சரிக்கை, இன்று தமிழ்நாட்டின் வாசுதேவநல்லூர்ப் பகுதி வயல்களில் மருந்து தெளிக்கும் ட்ரோனை இயக்குபவரையும் வலய வரைபடத்தைப் பார்த்தபின் பறக்கவிடவேண்டிய கடமைக்கு உட்படுத்தியுள்ளது.

கொழும்பு

வான்காப்பின் வலிமையும் குறையும் தெற்காசியத் தலைநகர் ஒன்றில் நேரடியாகச் சோதிக்கப்பட்டது கொழும்பில்தான். விடுதலைப் புலிகளின் வான்பிரிவு, செக் நாட்டில் உருவான, ஒற்றை இயந்திரமும் நான்கு இருக்கைகளும் கொண்ட ஸ்லின் 143 வகைச் சிறு விமானங்களை இலங்கையின் வடபகுதியான வன்னியிலிருந்து இரவில் செலுத்தி, 2007 மார்ச் 26-இல் கட்டுநாயக்கா வான்படைத் தளத்தையும், ஏப்ரல் 29-இல் கொழும்பை ஒட்டிய எரிபொருள் சேமிப்பிடங்களையும் தாக்கியபின் தளம் திரும்பியது. 2009 பிப்ரவரி 20-இல் வந்த இரண்டு விமானங்களில் ஒன்று கட்டுநாயக்கா அருகே சுட்டு வீழ்த்தப்பட, மற்றொன்று தலைநகரின் உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. தடையை மீறத் துணிந்தவரைத் தடை தானாக நிறுத்துவதில்லை என்பதையும், தாழப் பறக்கும் சிறு விமானத்தை உரிய நேரத்தில் காணும் ராடாரும் எதிர்கொள்ளும் ஆயத்தமும் இன்றி வலயம் வெறும் கோடாகவே எஞ்சும் என்பதையும் இந்நிகழ்வுகள் காட்டின.

பிற தலைநகரங்கள்

வாஷிங்டனைச் சுற்றி 30 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 55 கிலோமீட்டர் ஆரத்தில் சிறப்பு விதிப் பகுதி உள்ளது. அதனுள் நுழையும் விமானி பறப்புத் திட்டத்தை முன்கூட்டிப் பதிந்து, தமக்கென ஒதுக்கிய குறியீட்டை ராடாருக்குத் தானே அறிவிக்கும் மறுமொழிக் கருவியை இயக்கி, வானொலித் தொடர்பில் இருக்கவேண்டும். 2005 மே 11-இல் வழிதவறிய செஸ்னா 150 சிறு விமானம் ஒன்று இப்பகுதியின் உட்பரப்புக்குள் வந்தபோது வெள்ளை மாளிகையிலிருந்தும் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்தும் மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஆயினும் அது சுடப்படாமல் வழிமாற்றித் தரையிறக்கப்பட்டது. ஜெர்மனியில், கடத்தப்பட்ட பயணியர் விமானத்தைச் சுட்டு வீழ்த்த இடமளித்த சட்டப்பிரிவை, குற்றமற்ற பயணியரின் மனித மாண்புக்கு எதிரானது எனக் கண்டு, அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2006 பிப்ரவரி 15-இல் நீக்கியது.

செயற்படும் விதம்

வலயத்தின் அடிப்படைப் பயன், வானத்தை வெறுமையாக்குவதால் அங்கு தோன்றும் ஒவ்வொரு புள்ளியையும் கேள்விக்குரியதாக்குவதாகும். நூறு சிறு விமானங்கள் உரிமையோடு சுற்றும் வானில் தீய நோக்குடைய ஒன்றைப் பிரித்தறிய இயலாது. அதன் இரண்டாம் பயன், அடையாளம் காணவும் வானொலியில் அழைக்கவும் போர்விமானத்தை அனுப்பி எச்சரிக்கவும் தேவையான கால அவகாசமாகும். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சிறு விமானம் 5 கிலோமீட்டரை 100 நொடிகளில் கடந்துவிடும். 55 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு 18 நிமிடங்களுக்கு மேலாகும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பெருவிமானத்துக்கோ அதே 55 கிலோமீட்டர் நான்கு நிமிடங்களுக்கும் குறைவான தொலைவே. எனவே பெருவிமானத்தைப் பொறுத்தவரை, பயணியர் சோதனையும் விமானியறைக் கதவின் உறுதியும் புறப்படும் இடத்திலேயே அளிக்கும் காவல், வலயம் அளிப்பதைவிடப் பெரிதாகும்.

மதிப்பீடு

2001 டிசம்பர் 13-இல் இந்திய நாடாளுமன்றத்தைத் தாக்கியவர்கள் காரில் வாயில் வழியாகவே நுழைந்தனர் என்பதும், 2021 ஜூன் 27-இல் ஜம்மு வான்படைத் தளத்தில் வெடிபொருளைப் போட்டவை சிறு ட்ரோன்களே என்பதும், வான்தடை முழுக் காவல் ஆகாது என்பதற்குச் சான்றுகளாகும். ஆனால் அதை முற்றிலும் நீக்கினால், வழிதவறியவரையும் தாக்க வருபவரையும் வேறுபடுத்தும் கடைசி வாய்ப்பும் போய்விடும்; அவ்வேறுபாட்டை அறிய நேரம் கிடைப்பது தலைவர்களின் உயிரைப் போலவே, தவறி நுழைந்த விமானியின் உயிரையும் காக்கிறது. ஆகவே வலயத்தின் பரப்பை ஆட்சியின் பெருமிதத்தைக் கொண்டு வகுக்காமல், கண்டறிந்து முடிவெடுக்கத் தேவைப்படும் நிமிடங்களைக் கொண்டு வகுத்து, எல்லைகளை எவரும் எளிதில் அறியுமாறு வெளியிட்டு, தேவை மாறும்போது மறுஆய்வு செய்யும் அரசே அத்தடையை நியாயமான காவலாக ஆக்குகிறது.