முறையீட்டின் மொழி: மருத்துவ உளவியல் பண்பாடுகளைக் கடந்த வரலாறு

முன்னுரை

யாழ்ப்பாணத்தில் ஒருவர் மருத்துவரிடம் “ஒரே யோசனையாக் கிடக்கு” என்று சொன்னால், அவர் ஏதோ திட்டம் தீட்டுகிறார் என்று அங்கே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. தூக்கம் கெட்டது, பசி போனது, நெஞ்சில் பாரம் ஏறியது, ஒன்றையே திரும்பத் திரும்ப நினைத்து மனம் தேய்ந்தது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். தமிழகத்தில் ‘யோசனை’ பெரும்பாலும் கருத்தையும் ஆலோசனையையும் குறிக்கிறது. ஈழத்தில் அது கவலைக்கும் பெயர். இந்த இரு கரைகளுக்கும் தொடர்பே இல்லாத ஜிம்பாப்வேயில், ஷோனா மொழி பேசுவோரும் தங்கள் துன்பத்தை ஏறத்தாழ இதே சொல்லால்தான் சொல்கிறார்கள்: ‘கூஃபுங்கிசீசா’, அதாவது அளவுக்கு மீறி நினைத்தல்.

இத்தகைய சொற்களை மருத்துவ உளவியல் என்ன செய்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அமெரிக்காவில் தோன்றிய இத்துறை நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. சோதனைக் கருவிகள், பட்டங்கள், உரிமச் சட்டங்கள் ஆகியவற்றைக் கொண்டே அதன் வளர்ச்சி பொதுவாக அளக்கப்படுகிறது. அந்த அளவுகோல் போதாது. துன்புறுபவரின் சொந்த முறையீட்டை அறிவாக ஏற்று, அதையே சிகிச்சையின் தொடக்கப் புள்ளியாக வைத்த இடங்களில்தான் இத்துறை வேரூன்றியது என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம். இதற்கு இந்தியா, ஜப்பான், ஜிம்பாப்வே, இலங்கை ஆகிய நாடுகளின் அனுபவம் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

1. பிறந்த இடத்தின் முத்திரை

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலாளர் வுண்ட்டிடம் பயின்ற லைட்னர் விட்மர், 1896இல் பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதல் உளவியல் மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். அங்கு வந்த முதல் ஆள் பதினான்கு வயதுச் சிறுவன். எழுத்துக்கூட்டி எழுதுவதில் அவனுக்குத் தீராத தடுமாற்றம் இருந்தது. அழைத்துவந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. விட்மர் அவன் கண்களைச் சோதித்துப் பார்வைக் குறையைக் கண்டறிந்தார். கண்ணாடியும் தனிப் பயிற்சியும் கொடுக்கப்பட்டன. 1907இல் அவர் தொடங்கிய இதழின் வழியாக ‘மருத்துவ உளவியல்’ என்ற பெயர் நிலைத்தது.

ஊன்றிப் பார்த்தால், இத்துறையைப் பெற்றெடுத்தது ஒரு பள்ளிக்கூடத்தின் தேவை. எல்லாக் குழந்தைகளும் ஒரே வேகத்தில் படித்தாக வேண்டும் என்ற நகரச் சமூகத்தில்தான் எழுத்துக்கூட்டத் தெரியாதது நிபுணரைத் தேடிச் செல்லும் குறையாகிறது. அடுத்த பாய்ச்சலும் உள்நாட்டுத் தேவையால் நேர்ந்ததே. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் மனத்துயர் அரசுக்குப் பெரும் பொறுப்பானது. உளவியலாளர் அறிவியலாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருங்கே பயிற்சி பெற வேண்டும் என்ற முடிவு 1949இல் கொலராடோவின் போல்டர் மாநாட்டில் எட்டப்பட்டது. அந்த மாதிரியே பிற்பாடு பல நாடுகளுக்கும் முன்னுதாரணமானது. உலகப் பொதுவானது என்று நாம் பெற்றுக்கொண்ட துறையும் ஒரு மண்ணில், அம்மண்ணின் கேள்விகளுக்கு விடையாக முளைத்ததுதான். இதில் குறை ஏதுமில்லை. ஆனால் நமக்கும் நம் கேள்விகளிலிருந்து தொடங்கும் உரிமை உண்டு என்பதை இந்தப் பிறப்பு வரலாறே காட்டுகிறது.

2. இந்தியா: முந்தி வந்த பட்டம், பிந்தி வந்த செவி

இந்தியாவில் இந்த உரிமையை முதலில் கையாண்டவர் கல்கத்தாவின் கிரீந்திரசேகர் போஸ். 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவிய அவர், வியன்னாவுக்குச் சென்று பயிலாமலேயே ஃபிராய்டுடன் நீண்ட கடிதப் போக்குவரத்து நடத்தினார். ஃபிராய்டின் கோட்பாட்டில் மையமான விதைநீக்க அச்சம், தம் இந்திய நோயாளிகளிடம் ஐரோப்பியரிடம் தென்படும் அளவுக்கு அழுத்தமாக இல்லை என்று 1929இல் அவருக்கே எழுதினார். நோயாளி சொன்னதும் நூல் சொன்னதும் முரண்பட்டபோது, நூலை மறு ஆய்வுக்கு உட்படுத்தத் துணிந்தார் போஸ். ஆனால் அந்தத் துணிவு ஒரு மரபாக வளரவில்லை.

வளர்ந்தவை நிறுவனங்கள். 1954இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் அமைந்தது. அதற்கு அடுத்த ஆண்டே மருத்துவ உளவியலுக்கான பட்டயப் படிப்பு தொடங்கியது. 1974இல் அந்நிறுவனம் நிம்ஹான்ஸ் ஆனது. இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் 1992இல் வந்து, இத்தொழிலைப் பதிவுக்கும் ஒழுங்குக்கும் கொண்டுவந்தது. கருவிகளை உள்ளூர்ப்படுத்தும் முயற்சிகளும் நடந்தன. உத்தரப் பிரதேசத்தில் பாட்டியா 1955இல் வெளியிட்ட நுண்ணறிவுச் சோதனை அவற்றுள் குறிப்பிடத்தக்கது. எழுதப் படிக்கத் தெரியாத சிறுவர்களையும் கருத்தில் கொண்ட அந்தச் சோதனையின் நினைவாற்றல் பகுதியில், எண்களுக்குப் பதில் ஒலிகளைத் திருப்பிச் சொல்லவைக்கும் வழி இருந்தது. இது நேர்மையான முயற்சி. ஆயினும் சோதனையை நமக்கேற்பத் திருத்துவது வேறு, நம் மக்களின் துன்பத்தை அவர்கள் வாயால் கேட்டு அறிவது வேறு.

அந்தக் கேட்டல் விளிம்புகளில் நிகழ்ந்தது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் உளமருத்துவர் வித்யா சாகர் நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்கவைத்தார். சிகிச்சையில் குடும்பமும் பங்கேற்றது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தினர் உடனிருப்பதையே நெறியாக்கிக்கொண்டது. 1973இல் உளமருத்துவர் ஜஸ்வந்த் சிங் நேக்கி, இந்தியச் சூழலில் சிகிச்சையாளருக்கும் நோயாளிக்குமான உறவுக்குக் குரு–சீடர் உறவு ஒரு மாதிரியாகலாம் என்று எழுதினார். நம் மக்கள் சிகிச்சையாளரிடம் வழிகாட்டலை எதிர்பார்க்கிறார்கள். அந்த எதிர்பார்ப்பைக் குறையாகக் கருதாமல் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். பூட்டிய அறைக்குள் இருவர் மட்டும் பேசும் மேலை முறைக்கு இவர்கள் காட்டிய மாற்றுகள் இந்திய மண்ணின் உண்மையான பங்களிப்புகள். பாடத்திட்டத்தின் நடுவில் இருந்திருக்க வேண்டிய அவை அடிக்குறிப்புகளாகவே நின்றுவிட்டன.

3. ஜப்பான்: சொல் முதலில், சான்றிதழ் பிறகு

ஜப்பானின் வரலாறு இதற்கு நேர்த் தலைகீழ். டோக்கியோவில் மொரிட்டா மசாடகே 1919 வாக்கில் தம் சிகிச்சை முறையை வகுத்தபோது, அந்நாட்டில் மருத்துவ உளவியல் என்றொரு தொழிலே இல்லை. இளமையில் அச்ச நோயால் தாமே துன்புற்றவர் அவர். நோயாளிகளைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். முதல் ஒரு வாரம் நோயாளி ஓர் அறையில் தனியே படுத்திருக்க வேண்டும். படிப்பு இல்லை, பேச்சு இல்லை, பொழுதுபோக்கு எதுவுமில்லை. அச்சம் வரும், விரட்டக் கூடாது. தன்போக்கில் ஏறி இறங்கும் அந்த அலையை அவர் பார்த்துக்கொண்டே கிடப்பார். நாள் செல்லச் செல்லச் சலிப்புத் தட்டும். எழுந்து ஏதாவது செய்யலாமா என்று கை துறுதுறுக்கும். அந்த வேட்கையே அடுத்த படி. தோட்டத்தில் சிறு வேலை, மாலையில் நாட்குறிப்பு, அதில் மருத்துவரின் குறிப்புரை, பிறகு கடின வேலை, இறுதியில் வெளியுலகம். உள்ளதை உள்ளபடி விடுதல் என்று பொருள்படும் ‘அருகமாமா’ இதன் மூலச்சொல். ஜப்பானிய அன்றாடப் பேச்சிலும் ஜென் மரபிலும் ஊறிய சொல் அது.

மொரிட்டா கவனித்த நோய்நிலைகளுள் ஒன்று ‘தைஜின் கியோஃபுஷோ’. மற்றவர்கள் தன்னைத் தாழ்வாக எண்ணுவார்களோ என்ற கூச்சம் மேலை நூல்களில் விரிவாகப் பேசப்படுகிறது. இங்கோ தன் பார்வையும் முகச்சிவப்பும் உடல்வாடையும் மற்றவர்களைச் சங்கடப்படுத்திவிடுமோ என்று நோயாளி நடுங்குகிறார். பிறர் மனம் நோகாமல் நடப்பதை உயர்ந்த அறமாகப் போற்றும் சமூகத்தில் அச்சமும் அந்த அறத்தின் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க மனநோய்க் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு ஒன்பது பண்பாட்டுத் துயர்க் கருத்தாக்கங்களைத் தொகுத்தபோது இதையும் சேர்த்துக்கொண்டது. கூஃபுங்கிசீசாவும் அதே பட்டியலில் உண்டு.

ஜப்பானில் சான்றளிக்கும் அமைப்பு 1988இல்தான் உருவானது. 1995 கோபே நிலநடுக்கம் மனநலப் பராமரிப்பைப் பொதுப் பேச்சாக்கியது. உளவியலாளருக்கான தேசிய உரிமச் சட்டம் 2015இல் நிறைவேறி 2017இல் நடைமுறைக்கு வந்தது. மொரிட்டாவுக்கும் இச்சட்டத்துக்கும் இடையே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு. சட்டம் தாமதமானதால் மக்கள் இழந்தவை உண்டு. ஆனால் சட்டம் வந்தபோது, அது ஒழுங்குபடுத்துவதற்கு அந்நாட்டுக்கே உரிய ஒரு சிகிச்சை மரபு இருந்தது.

4. ஜிம்பாப்வே: பாட்டியின் பலகை

வெளியிலிருந்து வரும் அறிவும் உள்ளூர்ச் சொல்லும் எப்படிக் கைகோக்கலாம் என்பதற்கு ஹராரே நகரின் ம்பாரே பகுதி நல்ல சான்று. உளமருத்துவர் டிக்சன் சிபாண்டாவின் நோயாளி ஒருவர், மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லாத நிலையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த இழப்பால் உலுக்கப்பட்ட சிபாண்டா, 2006இல் சமூகச் சுகாதாரப் பணியாளர்களான 14 பாட்டிமாருக்குப் பயிற்சி அளித்தார். சுகாதார நிலைய முற்றத்தில் ஒரு மரப் பலகை. பாட்டி ஒருபுறம், வந்தவர் மறுபுறம். ‘மனநலப் பலகை’ என்ற பெயரைக் கேட்டு மக்கள் ஒதுங்கினார்கள். ‘நட்புப் பலகை’ என்று மாற்றச் சொன்னவர்கள் அந்தப் பாட்டிமாரே.

பாட்டி கையில் இருந்த வினாநிரலில் பதினான்கு கேள்விகள். ஆழ்ந்த சிந்தனையில் மூழ்கிப்போனீர்களா, பல விஷயங்களை நினைத்துக்கொண்டே இருந்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி. சின்ன விஷயத்துக்குக் கோபம், வயிற்றுவலி, அழுகை, வேலை பின்தங்கியது என்று மற்றவை தொடரும். உளமருத்துவர் விக்ரம் பட்டேலும் உடனிருந்தவர்களும் 1990களில் ஷோனா நோயாளிகள் பயன்படுத்திய சொற்களைச் சேகரித்து உருவாக்கிய நிரல் அது. அதன் பின்னர் நடப்பது பிரச்சினையை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாகத் தீர்க்கும் சிகிச்சை. அதன் படிகளுக்கும் ஷோனாப் பெயர்களே: மனத்தைத் திறத்தல், தூக்கி நிறுத்தல், வலுவூட்டல்.

24 சுகாதார நிலையங்களில் 573 பேரைக் கொண்டு நடந்த சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களின் நோய்க்குறி மதிப்பெண் சராசரி 8.90, பலகையில் அமர்ந்தவர்களுடையது 3.81. உள்ளூர்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் அறிவியல் அளவீடு கைவிட்டுப்போகும் என்ற ஐயத்துக்கு இந்த எண்களே விடை. சிகிச்சை நுட்பம் வெளியிலிருந்து வந்தது. ஆனால் கேள்வி கேட்ட மொழியும் கேட்ட குரலும் அந்த மண்ணுடையவை.

5. இரு எச்சரிக்கைகள்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கரையோர முகாம்களுக்கு வந்து சேர்ந்த வெளிநாட்டு ஆலோசனைக் குழுக்கள் பல. அவற்றுள் சில கையாண்ட, நடந்ததை ஒரே அமர்வில் சொல்லவைத்துத் துயரைத் தணிக்கும் முறையால் பயனில்லை, சிலருக்குத் தீங்கும் நேரலாம் என்பதை ஆய்வுத் தொகுப்புகள் 2002லேயே காட்டியிருந்தன. பேரிடர்க் கால உளசமூக உதவிக்கான பன்னாட்டு வழிகாட்டி நெறிகள் 2007இல் அம்முறை குறித்து வெளிப்படையாகவே எச்சரித்தன. நீண்ட காலம் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரும் பேரலையும் தனிமனிதரோடு குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகின்றன என்று வாதிட்டு, அதைக் கூட்டு மனவடு என்றார். மானிடவியலாளர் பட்ரீசியா லாரன்ஸ், மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில் காணாமல்போனோரின் தாய்மார் வாக்குக் கேட்டு நின்றதைப் பதிவுசெய்தார். வெளியே வாய்திறக்க முடியாத காலத்தில், பிள்ளையின் பெயரை உரக்கச் சொல்ல அவர்களுக்கு இருந்த இடம் அது. இந்த இடங்களை அறியாமல் செய்யும் உளவளத்துணை காயத்தின் மேல்தோலைத்தான் தொடும்.

இரண்டாவது எச்சரிக்கை எதிர்த்திசையிலிருந்து வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி அழைத்துவரப்பட்ட மனநோயாளிகளின் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். மரபு என்பதாலேயே ஒரு முறை மனிதநேயமானது ஆகிவிடாது. மக்களின் சொல்லை மதிப்பது என்றால் எல்லா வழக்கத்தையும் வணங்குவது என்று பொருளில்லை. சொல்லைக் கேட்பது தொடக்கம். சோதித்துப் பார்ப்பதும் உரிமையைக் காப்பதும் அதன் உடன்பிறப்புகள். மொரிட்டாவின் நாட்குறிப்பிலும் ம்பாரேயின் ஆய்விலும் இவை சேர்ந்தே இருந்தன. ஏர்வாடியில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

முடிவுரை

ஒரு பண்பாட்டின் நோய்வகையை மற்றொன்றின் மேல் ஏற்றிவிட்டு, அங்கும் அதையே கண்டோம் என்று நம்புவதை உளமருத்துவர் ஆர்தர் கிளைன்மன் 1977லேயே வகைப்பிழை என்று சுட்டினார். அந்தப் பிழை நம் மருத்துவமனைகளில் தாளின் முதல் வரியிலேயே நேர்கிறது. “மனசே சரியில்லைங்க, நெஞ்சு அடைக்குது, ஒரே ரோசனையா இருக்கு” என்று நோயாளி தமிழில் சொல்கிறார். நோய்க்குறிப்பேட்டில் அது ஆங்கிலத்தில், ஏற்கெனவே ஒரு நோயின் பெயராகவே பதிவாகிறது. அடைத்த நெஞ்சும் ஓயாத யோசனையும் அந்த நொடியே மறைந்துவிடுகின்றன. பின்னாளில் ஆய்வாளர் எவராவது தேடினாலும் அவை அங்கே கிடைக்கப்போவதில்லை.

இந்தியாவின் 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, மனநோய் உள்ளவர்களுள் சிகிச்சை பெறாதோர் நோய்க்கு நோய் 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தனர். மருத்துவர் பற்றாக்குறையும் வறுமையும் இதற்குக் காரணங்கள். தன் சொல் அங்கே செல்லுபடியாகாது என்ற உணர்வும் ஒரு காரணம் என்பதை மேற்கண்ட வரலாறு உணர்த்துகிறது. ஷோனா மொழிக்கு நடந்த பணி தமிழுக்கும் நடக்க வேண்டும்: மதுரையின் சொல், மட்டக்களப்பின் சொல், மலையகத்தின் சொல் என்று வட்டார வாரியாக முறையீடுகளைத் தொகுத்து, அவற்றிலிருந்து வினாநிரல்களை எழுப்பி, அவற்றை முறைப்படி சோதிக்க வேண்டும். அது பல்கலைக்கழகங்களின் பணி, ஆண்டுகள் பிடிக்கும். ஆனால் பயிற்சியிலிருக்கும் ஒவ்வொரு உளவியல் மாணவரும் நாளையே செய்யத்தக்க ஒன்று உண்டு. நோயாளி சொல்லும் முதல் வாக்கியத்தை, அவர் சொன்ன மொழியிலேயே, அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள்.