வெங்கட்டா, அஸ்வினா: வாத்தியாரிடம் வந்த விடைத்தாள்

பதிவு நீளமானது. காபியை ஆற்றி வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது திருச்சியில் வங்கி வேலை. பேச்சு எங்கெங்கோ போய்க் கிரிக்கெட்டில் வந்து நின்றது. அஸ்வின் ஓய்வு பெற்றதைப் பற்றி அவர் வருத்தப்பட, நான் வழக்கம்போல, "இருந்தாலும் எங்கள் வெங்கட்ராகவன் மாதிரி வராது தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. கைப்பேசியை எடுத்துப் படித்துக் காட்டினார். "வெங்கட் 57 டெஸ்ட், 156 விக்கெட், சராசரி 36.11. அஸ்வின் 106 டெஸ்ட், 537 விக்கெட், சராசரி 24. ஒரே இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்தது அவர் 3 தடவை, இவர் 37 தடவை. நீங்கள்தானே சார் எங்களுக்குச் சராசரி போடக் கற்றுக் கொடுத்தீர்கள்?"

வீட்டுக்காரம்மா சமையலறையில் சிரித்தது எனக்குக் கேட்டது. அப்போது பதில் சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரம் யோசித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவன். அந்தக் காலத்தில் தமிழில் 70 வாங்கினால் தெருவே வந்து பார்க்கும். இன்று 98 வாங்கிய குழந்தை, இரண்டு மார்க் எங்கே போனது என்று அழுகிறது. அதற்காக இன்றைய பிள்ளைகள் எங்களைவிட ஒன்றரை மடங்கு தமிழ் படித்தவர்கள் என்று சொல்ல முடியுமா? அல்லது, இப்போது மார்க்கை அள்ளி வீசுகிறார்கள் என்று கிழவர்கள் நாங்கள் சொல்வதுதான் சரியா? இரண்டும் தப்பு. வேறு வேறு கேள்வித்தாளில் எடுத்த மதிப்பெண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. அவனவன் வகுப்பில் எத்தனையாவது ரேங்க் என்று பார்க்க வேண்டும். வாத்தியார் வேலையில் நான் கற்றது இது.

கேள்வித்தாள் எப்படி மாறியது என்பதையும் சொல்கிறேன். வெங்கட் டெஸ்ட் ஆடியது 1965 முதல் 1983 வரை. 18 ஆண்டில் 57 ஆட்டம். அஸ்வின் 2011 நவம்பர் முதல் 2024 டிசம்பர் வரை, 13 ஆண்டில் 106. ஆக மொத்த விக்கெட்டை ஒப்பிடுவதில் பொருள் இல்லை, அதைத் தள்ளிவிடலாம். ஆனால் சராசரியை அப்படித் தள்ள முடியாது. அங்கேதான் எல்.பி.டபிள்யூ. விவகாரம் வருகிறது.

அந்தக் காலத்தில் ஆஃப் ஸ்பின் பந்து வந்தால், ஆட்டக்காரர் முன்காலை நீளமாக நீட்டி, மட்டையைக் கால்காப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு நிற்பார். பந்து காலில் படும். பந்துவீச்சாளர் தொண்டை கிழியக் கத்துவார். "அவ்வளவு முன்னால் வந்துவிட்டார், ஸ்டம்ப் வரை போகுமோ போகாதோ" என்று நடுவர் தலையை ஆட்டிவிடுவார். சந்தேகத்தின் பலன் மட்டையாளருக்கு. டி.ஆர்.எஸ். வந்த பிறகுதான், அப்படிக் காலில் பட்ட பந்துகளில் எத்தனையோ நேராக ஸ்டம்புக்குப் போயிருக்கும் என்று திரையில் தெரிந்தது. நடுவர்களின் கண்ணும் பழகிக்கொண்டது. நம் நாடு அதைப் பல வருடம் வேண்டாம் என்று சொல்லி, 2016-இல் இங்கிலாந்து இங்கே வந்தபோதுதான் ஏற்றுக்கொண்டது. காலை நீட்டித் தப்பிக்கும் வித்தை அதோடு கெட்டது. இதைச் சொன்னால் என் மாணவர், "அப்படியென்றால் வெங்கட்டின் 36-ஐ 30 என்று வைத்துக்கொள்ளலாமா சார்?" என்று கேட்பார். கேட்கட்டும். அதனால்தான் ரேங்க் பார்க்கலாம் என்கிறேன்.

பார்த்தேன். பார்த்ததும் எனக்கே சங்கடமாகிவிட்டது.

வெங்கட்டின் வகுப்பில் நால்வர். பேடி 67 டெஸ்டில் 266 விக்கெட், சராசரி 28.71. சந்திரசேகர் 58-இல் 242, சராசரி 29.74. பிரசன்னா 49-இல் 189, சராசரி 30.38. அதே நடுவர்கள், அதே ஆடுகளங்கள், அதே நீட்டிய கால்கள். வெங்கட் நான்காவது. அஸ்வின் வகுப்பில் யார்? ஜடேஜா இருக்கிறார், பெரிய ஆள்தான். இருந்தாலும் இந்திய மண்ணில் 10 ஆண்டுக்கு மேல், அணியில் முதலில் எழுதப்படும் சுழற்பந்து வீச்சாளர் பெயர் அஸ்வின். இடதுகை ஆட்டக்காரர்களை மட்டுமே 250 தடவைக்கு மேல் வெளியேற்றியவர். அதோடு 6 சதம், 3503 ரன். ஆக என் சொந்த அளவுகோலை வைத்தே நான் தோற்றேன். தம்பி, பந்துவீச்சாளர் என்று எடுத்தால் அஸ்வின்தான். எழுத்தில் கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

ஆனால் நான்காவது ரேங்க் என்பதற்குள் ஒரு கதை இருக்கிறது. அதை நம்பர் சொல்லாது.

1965 பிப்ரவரியில் சென்னையில் நியூசிலாந்துக்கு எதிராக வெங்கட் அறிமுகமானபோது வயது 19. அதே தொடரின் நான்காவது டெஸ்ட் டில்லியில். முதல் இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு 8, இரண்டாவதில் 80-க்கு 4. மொத்தம் 12 விக்கெட். (அஸ்வினின் முதல் டெஸ்டும் அதே கோட்லா மைதானம்தான், 2011-இல், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 9 விக்கெட். நம் ஊர் ஆஃப் ஸ்பின்னர்களுக்கு டில்லி ராசி போலிருக்கிறது.) இப்படித் தொடங்கிய பையனுக்கு அடுத்த இரண்டு ஆண்டில் என்ன ஆனது? பொறியியல் படிக்கப் போயிருந்த மைசூர்க்காரர் பிரசன்னா திரும்பி வந்தார். அவரும் ஆஃப் ஸ்பின். 1967-68 ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பயணத்தில் 8 டெஸ்டில் 49 விக்கெட் எடுத்தார். அதன் பிறகு ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர். நால்வரும் ஒன்றாக ஆடிய டெஸ்ட் மொத்தம் ஒன்றே ஒன்று, 1967 எட்ஜ்பாஸ்டன். நாம் என்னவோ நால்வர் நால்வர் என்று தேவார நால்வர் மாதிரி சேர்த்தே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பிரசன்னா பந்தைக் காற்றில் தூக்கி ஆட்டக்காரரை இழுத்துக் கொல்வார். வெங்கட் உயரமானவர், கையை உயர்த்தி, வேகமாக, தட்டையாக, ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருப்பவர். பார்க்க அழகு பிரசன்னா. கேப்டனுக்குக் கஞ்சத்தனம் தேவைப்பட்டால் வெங்கட். அதனால் உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்றே அவர் காலம் போனது.

உள்ளே இருந்த ஒரு வருடம் 1971. எனக்கு அப்போது 11 வயது. கோடையில் காவிரி வற்றிய மணலில் ஸ்டம்புக்குக் குச்சி நட்டு ஆடுவோம். மணலில் பந்து எழும்பாது, திரும்பவும் திரும்பாது. இருந்தாலும் எல்லோரும் வெங்கட். வாடேகர் கேப்டன், வெங்கட் துணை கேப்டன் என்று மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன அணி, அதுவரை ஒரு டெஸ்டில்கூட ஜெயிக்காத அந்த நாட்டைப் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் தோற்கடித்தது. இரண்டாவது இன்னிங்ஸில் வெங்கட் 95-க்கு 5. தொடர் முழுக்க 22 விக்கெட். இந்தியத் தரப்பில் அதிகம் எடுத்தவர் அவர்தான். எல்லோரும் கவாஸ்கரின் 774 ரன்னைச் சொல்வார்கள். சரிதான். ஆனால் ஒரு தொடரை ஜெயிக்க எதிரணியை அவுட்டாக்கவும் ஆள் வேண்டும் அல்லவா? அப்படியே இங்கிலாந்து போய் அங்கேயும் தொடரை வென்றார்கள். ஓவலில் சந்திரசேகரின் 38-க்கு 6 எல்லோருக்கும் தெரியும். சோல்கர் பாய்ந்து விழுந்து ஆலன் நாட்டைப் பிடித்த அந்த கேட்ச் யார் பந்தில் என்று நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். வெங்கட் பந்தில். அந்த இங்கிலாந்துத் தொடரில் பிரசன்னா ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை.

அயல்நாட்டில் அஸ்வின் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2015 இலங்கைத் தொடரில் 21 விக்கெட், 2016 மேற்கிந்தியத் தீவுகளில் 17 விக்கெட்டும் இரண்டு சதமும். 2021 சிட்னியில் முதுகு வலியோடு விஹாரியுடன் நின்று காப்பாற்றிய டிரா, விக்கெட் கணக்கில் வராத பெரிய காரியம். ஆனால் இங்கிலாந்தில் அவரை உட்கார வைத்தார்கள். 2021-இல் நடந்த நான்கு டெஸ்டிலும் வெளியே. 2023-இல் ஓவலில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டி. உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த பந்துவீச்சாளர் தண்ணீர் கொண்டுபோனார்.

இதைப் படித்தபோது எனக்கு 1974 நினைவுக்கு வந்தது. பட்டோடி காயம்பட, டில்லி டெஸ்டுக்கு வெங்கட் கேப்டன். விவ் ரிச்சர்ட்ஸ் 192 அடித்த ஆட்டம், நாம் தோற்றோம். அடுத்த டெஸ்ட் கல்கத்தாவில். முந்தைய ஆட்டத்தின் கேப்டன் அங்கே பன்னிரண்டாவது ஆள். 1979-இல் மறுபடி கேப்டனாக இங்கிலாந்து போனார். ஓவலில் 438 ரன் இலக்கு, கவாஸ்கர் 221, நாம் 8 விக்கெட்டுக்கு 429. நான் அப்போது ஆசிரியர் பயிற்சி விடுதியில் இருந்தேன். ஒரு டிரான்சிஸ்டரைச் சுற்றிப் பத்துப் பேர், கரகரவென்று ஷார்ட்வேவ். கடைசி ஓவர் முடிந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த அணி ஊர் திரும்பும் விமானத்திலேயே, அடுத்த கேப்டன் கவாஸ்கர் என்று அறிவித்தார்கள். வெங்கட்டும் அதே விமானத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

இருவரும் பொறியியல் படித்தவர்கள். வெங்கட் கிண்டியில், அஸ்வின் எஸ்.எஸ்.என். கல்லூரியில். அஸ்வின் சென்னைத் தெருவில் டென்னிஸ் பந்தில் பழகிய சொடுக்கு பந்தைத்தான் உலகம் கேரம் பால் என்கிறது. ஆடும்போதே யூடியூபில் தமிழில் உட்கார்ந்து, யாரை எப்படி அவுட்டாக்கினேன் என்று வகுப்பு எடுத்தார். வெங்கட் அதிகம் பேசாதவர். வெங்கட் மனதில் என்ன இருந்தது என்று நாம் ஊகிக்கத்தான் முடியும், அஸ்வின் மனதில் இருந்ததை அவரே சொல்லிவிட்டார். என் தலைமுறைக்கும் என் மாணவர் தலைமுறைக்கும் உள்ள வித்தியாசமும் ஏறக்குறைய இதுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்த இருவரும் தமிழ்நாட்டுக்கு ரஞ்சிக் கோப்பை வாங்கித் தந்ததில்லை. 1972-73 இறுதிப்போட்டி சேப்பாக்கத்தில், வெங்கட் கேப்டன். பம்பாய் 151, 113 என்று சுருண்டது. வெங்கட்டும் வி.வி.குமாரும் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். ஆனால் எதிரில் சிவால்கர் என்ற இடதுகைக்காரர் 16-க்கு 8, 18-க்கு 5. நாம் 80, 61. மூன்றாம் நாள் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்தது. 1954-55-க்குப் பிறகு கோப்பை நம்மிடம் வந்தது 1987-88-இல், அதே சேப்பாக்கத்தில், ரயில்வே அணியை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்று. கேப்டன் எஸ்.வாசுதேவன், இடதுகை சுழற்பந்து வீச்சாளர். ஒரு டெஸ்ட்கூட ஆடாதவர். நானும் என் மாணவரும் இரண்டு மணி நேரம் பேசியதில் இவர் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.

கடைசியாக அந்த நீட்டிய கால் விஷயம். வெங்கட் ஆடி முடித்த பிறகு நடுவரானார். 1993 முதல் 2004 வரை 73 டெஸ்ட். உலகின் சிறந்த நடுவர்களில் ஒருவர் என்று பெயர். அவர் நின்ற காலத்தில் டி.ஆர்.எஸ். இல்லை. அவர் முன்னால் முரளிதரனும் வார்னேவும் கும்ப்ளேயும் திரும்பி நின்று கத்தியிருக்கிறார்கள். தான் 18 வருடம் கத்திக் கிடைக்காத அதே எல்.பி.டபிள்யூ.தான். முகத்தில் ஒரு சலனம் இருக்காது. ஒரு கணம் யோசிப்பார். பிறகு ஒன்று விரல் உயரும், அல்லது தலை மெல்ல அசையும். தொலைக்காட்சியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வீட்டில், "கொடுங்க சார், உங்களுக்குத்தான் தெரியுமே" என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.