கட்டிலும் பாயும்
(பள்ளியறைப் பண்டங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு)

வீட்டுப் பண்டங்களை அரபு மொழியில் 'அஸாஸ்' என்பர். திருக்குர்ஆனின் 16-ஆவது அத்தியாயமான அந்நஹ்லில், 80-ஆவது வசனத்தில் இச்சொல் வருகிறது. அவ்வசனம் கம்பளி, உரோமம், முடி ஆகியவற்றால் ஆகும் பண்டங்களை இறையருளாக எடுத்துக் கூறுகிறது. ஆனால் அதற்கு முன்பாக, வீடு என்பது மனிதன் அமைதி கொள்ளும் இடம் என்பதை நிலைநாட்டி விடுகிறது. அமைதி முதலாவது, பண்டம் இரண்டாவது. இவ்வரிசை கருத்தூன்றி நோக்கற்பாலது.

இன்று நம் சமுதாயத்தில் இவ்வரிசை தலைகீழாகி விட்டது. மணமக்களின் அறைக்குக் கட்டில், மெத்தை, நிலைக்கண்ணாடி, பீரோ ஆகியவற்றைத் தேர்வது திருமணப் பேச்சின் ஒரு பிரிவாகி விட்டது. எந்த மரம், எத்தனை அடி, எந்த ஊர்க் கடை என்றெல்லாம் பேசப்படுகிறது. இவற்றை வாங்கித் தர வேண்டியவர் பெண்ணைப் பெற்றவரே என்பது மட்டும் பேசாமலே முடிவாகி விடுகிறது. எனவே, பள்ளியறைப் பண்டங்களின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது பயனுடையதாகும்.

தமிழில் படுக்கைக்கு அமைந்த வருணனைகளுள் தலைசிறந்தது நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் உள்ளது. போரில் வீழ்ந்த யானையின் தந்தத்தைச் செதுக்கிச் செய்த பெருங்கட்டில். அதனைச் சூழ முத்துவடங்கள். மேலே அன்னத்தின் தூவி பரப்பிய மெல்லணை. அக்கட்டிலின் மீதிருந்த பாண்டிமாதேவியோ உறக்கமின்றிக் கண்ணீர் உகுத்துக்கொண்டிருந்தாள். கணவன் பாசறையில் இருந்தான். தந்தக் கட்டிலால் தர முடியாத ஒன்று உண்டு என்பதைப் புலவர் சொல்லாமற் சொல்லி விட்டார்.

இனி, மதீனாவுக்குச் செல்வோம். பெருமானார் (ஸல்) அவர்களின் துணைவியர் வாழ்ந்த அறைகள் செங்கல்லும் சுண்ணமும் கண்டவை அல்ல. பச்சைச் செங்கல்லும் ஈச்ச மட்டையும் கொண்டு எழுப்பப்பட்டவை அவை. தாம் பருவ வயதை எட்டும் நாளில் அவ்வறைகளுக்குட் சென்று, கையை உயர்த்திக் கூரையைத் தொட்டதாக ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் கூறியுள்ளார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்புப்படி, நபிகளாரின் படுக்கை ஈச்ச நார் அடைத்த தோலே ஆகும். ஒரு நாள் உமர் (ரலி) அவர்கள் உள்ளே சென்றபோது, விரிப்பற்ற பாயின் தழும்பு பெருமானாரின் விலாவில் பதிந்திருக்கக் கண்டு அழுதார்கள். பாரசீகப் பேரரசரும் ரோமச் சக்கரவர்த்தியும் வாழும் வாழ்வை நினைவூட்டினார்கள். அவர்களுக்கு இம்மையும் நமக்கு மறுமையும் என்றிருப்பதில் உமக்கு மனநிறைவு இல்லையா என்ற பொருள்பட அண்ணலார் வினவினார்கள்.

கலீபா வலீதின் ஆணைப்படி, ஹிஜ்ரி 88 அளவில் (கி.பி. 707) பள்ளிவாசலை விரிவாக்குவதற்காக அவ்வறைகள் இடிக்கப்பட்டன. அப்போது ஊரார் அழுதனர். அவற்றை அப்படியே விட்டிருந்தால், பெருமானார் (ஸல்) அவர்கள் எத்தகைய வீட்டுடன் மனநிறைவு கொண்டார்கள் என்பதைப் பின்னோர் கண்ணாரக் கண்டிருப்பர் என்று ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) வருந்தினார்கள்.

இதனால், அழகிய விரிப்பும் திரையும் இஸ்லாத்தில் விலக்கப்பட்டன என்று கருதிவிடலாகாது. ஜாபிர் (ரலி) அவர்கள் மணம் முடித்தபோது, வீட்டில் நல்ல விரிப்புகள் உண்டா என்று நபிகளார் கேட்டார்கள். ஏழையாகிய எங்களுக்கு அவை ஏது என்றார் ஜாபிர். இனி உண்டாகும் என்றார்கள் நபிகளார். அவ்வாறே உண்டாயிற்று. பின்னாளில் ஜாபிர் அவ்விரிப்பை அகற்றுமாறு மனைவியிடம் கூறுவார். அவரோ நபிகளாரின் அந்த முன்னறிவிப்பையே எடுத்துக்காட்டுவார். ஜாபிரும் விட்டு விடுவார். இல்லத்தரசியின் இச்சொல் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது.

எனில், எல்லை எது? சுவருக்கு ஆடை போர்த்துவதை நபிகளார் விரும்பவில்லை. கல்லுக்கும் மண்ணுக்கும் உடுத்துமாறு நாம் பணிக்கப்படவில்லை என்று கூறி, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொங்கவிட்ட திரையை அகற்றினார்கள். அன்னையார் அதனை எறிந்துவிடவில்லை. கிழித்துத் தலையணை உறைகளாகத் தைத்துக் கொண்டார்கள். பயன்படுவது இருக்கட்டும், பகட்டுக்கானது போகட்டும் என்பதே இதனால் நாம் பெறும் நெறி. படுக்கையின் எண்ணிக்கை பற்றிய ஹதீஸும் இதையே உணர்த்துகிறது: கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, நான்காவது ஷைத்தானுக்குரியது. விருந்தினருக்கும் படுக்கை ஒதுக்கிய அந்தக் கணக்கில் கருமித்தனம் இல்லை. வீண் பெருக்கமும் இல்லை.

அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) தம் மகனின் மணவிருந்துக்கு அபூ அய்யூப் அல் அன்சாரி (ரலி) அவர்களை அழைத்திருந்தார். வந்தவர் சுவரில் திரை போர்த்தியிருக்கக் கண்டார். பெண்கள் எம்மை மிகைத்து விட்டனர் என்று இப்னு உமர் சொன்ன சமாதானத்தை அவர் ஏற்கவில்லை. உண்ணாமலே திரும்பி விட்டார். மணவீட்டு அலங்காரத்தில் 'பெண்கள் கேட்கிறார்கள்' என்னும் சாக்கு அத்துணைப் பழமையானது!

பிற்கால முஸ்லிம் நகரங்களில் படுக்கைக் கலை செழித்தது. ஐரோப்பிய மொழிகளே அதற்குச் சான்று. 'மேட்ரஸ்' என்னும் ஆங்கிலச் சொல், கீழே இடப்படுவது என்று பொருள்படும் 'மத்ரஹ்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. 'சோபா' என்பது 'ஸுஃப்பா'. மஸ்ஜிதுந் நபவியில் வீடற்ற ஏழைத் தோழர்கள் படுத்துறங்கிய இடத்திற்கும் ஸுஃப்பா என்றே பெயர். செல்வர் வீட்டுக் கூடத்தை இன்று அணிசெய்யும் இருக்கை அவ்வேழைகளின் உறைவிடப் பெயரைத் தாங்கி நிற்கிறது!

மஅபர் என அரபிகள் அழைத்த நம் கடற்கரையையும் கண்டு சென்ற இப்னு பதூதா (1304-1369), இந்தியக் கட்டிலை வியந்து எழுதியுள்ளார். நான்கு கால்களும் நான்கு சட்டங்களும் கொண்டு, பட்டு அல்லது பருத்தி நாடா பின்னிய அதனை ஓர் ஆளே தூக்கிச் செல்லலாம் என்கிறார். மெத்தைக்கும் போர்வைக்கும் வெண்துணி உறையிட்டு, அழுக்கானால் உறையை மட்டும் துவைக்கும் வழக்கத்தையும் குறிக்கிறார். படுக்கை தேர்வோர்க்கு இன்றும் இதனினும் நல்ல அறிவுரை தேவையில்லை.

நம்மவர் கைவண்ணமும் குறைந்ததன்று. தாமிரபரணிக் கரைக் கோரையை நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கீறி, பட்டுப் போல் மடியும் பாய்களைப் பத்தமடை லெப்பைக் குடும்பத்தார் நெய்து வந்துள்ளனர். மணமக்களின் பெயரை நெய்து தரும் வழக்கமும் அங்குண்டு. புவிசார் குறியீடு பெற்ற அப்பாய், கோடையில் மெத்தையினும் இனியது.

இனி, தலையாய வினாவுக்கு வருவோம்: யார் வாங்குவது? ஹிஜ்ரி 2-இல் நடந்த ஃபாத்திமா (ரலி) அவர்களின் திருமணத்தைச் சீருக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். அன்று நபிகளார் மகளுக்கு அளித்தவை ஒரு போர்வை, ஒரு தோல் துருத்தி, இத்கிர்ப் புல் அடைத்த ஒரு தலையணை என்று நஸாயீ குறிக்கிறது. அலீ (ரலி) அவர்களோ எதையும் கேட்டாரில்லை. மாறாகத் தம் போர்க்கவசத்தையே மஹராக ஈந்தார். இச்சான்றின் முற்பகுதியை எடுத்துப் பிற்பகுதியை விடுவது நேர்மையாகுமா?

சட்டம் இன்னும் தெளிவானது. ஷாஃபிஈ மத்ஹபின் புகழ்பெற்ற நூலான 'மின்ஹாஜுத் தாலிபீன்', இமாம் நவவி (மறைவு ஹிஜ்ரி 676, கி.பி. 1277) அவர்கள் இயற்றியது. மனைவிக்குக் கணவன் தர வேண்டிய ஜீவனாம்சத்தில், அமர்வதற்குப் பாய் அல்லது கம்பளம், உறங்குவதற்கு மெத்தை, தலையணை, குளிர்காலத்திற்குப் போர்வை ஆகியவற்றை இமாமவர்கள் பெயர் சொல்லியே எண்ணியுள்ளார்கள். ஹனஃபி சட்ட நூல்களும் இல்லத்தை ஆயத்தம் செய்வதைக் கணவனின் பொறுப்பாகவே கொள்கின்றன. தந்தை மகளுக்கு மனமுவந்து அளிப்பது அன்பளிப்பு. கேட்டுப் பெறுவது, அது கட்டிலேயாயினும், கைக்கூலியின் வேறு பெயரே ஆகும்.

ஆகவே, மணமகனின் பெற்றோர் அறையை அளக்கும் முன் இச்சட்டத்தை அளந்து பார்ப்பார்களாக. மகன் ஈட்டிய பொருளில் ஒரு கயிற்றுக் கட்டிலே கிடைக்குமெனில், அதன் மீது ஒரு பத்தமடைப் பாயை விரியுங்கள். துவைத்த உறையிட்ட இரு தலையணைகளை வையுங்கள். மருமகளின் தந்தை கடன்படாமல் உறங்கும் இரவே அவ்வறைக்கு அமைந்த சிறந்த அணிகலனாகும்.