நல்லூர்த் தேரும் மீளழைப்பும்: தொலைபேசி நெரிசலுக்கு ஒரு கணித மாதிரி

1. களம்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவத்தில் தேர்த்திருவிழா 24ஆம் நாள். காலை ஏழு மணிக்கு இங்கு கூட்டம் நெருக்கியடிக்கும்போது ரொறன்ரோவில் முதல்நாள் இரவு ஒன்பதரை. உறவுகள் அங்கே விழித்திருப்பார்கள். வெளிவீதியில் நிற்பவர் வட்ஸ்அப்பில் தேரைக் காட்ட முயல்வார். கைபேசியில் சிக்னல் கோடுகள் நிறைந்து நிற்கும். ஆனாலும் "கோல் போகேல்லை" என்பார்கள். அலை வலுவாகவே இருக்கிறது. அழைப்புகளைச் சுமக்கும் தடங்கள்தான் நிரம்பிவிட்டன. நெரிசல் ஆய்வுக்கு இந்த வேறுபாடே தொடக்கம்.

2. எர்லாங் சூத்திரம்

கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் பணியாற்றிய ஆக்னர் கிராரப் எர்லாங் 1917இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் அடித்தளமாக உள்ளது. ஒரு தடம் இடைவிடாமல் பேச்சில் இருந்தால் அது 1 எர்லாங் சுமை. 15 தடங்களுக்கு 10 எர்லாங் சுமை வந்தால் 3.65% அழைப்புகள் மறுக்கப்படும். சுமை 20 ஆனால் மறுப்பு 33%. சுமை இருமடங்காக, மறுப்பு ஒன்பது மடங்காகிறது. இவை விளக்கத்துக்குக் கணித்த எண்கள். நல்லூரில் அளந்தவை அல்ல.

3. மீளழைப்பு

மறுக்கப்பட்டவர் பேசாமல் போய்விடுவார் என்பது இச்சூத்திரத்தின் எடுகோள். தேர்க்கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்ட தாய் ஒருமுறை முயன்று விட்டுவிடுவாளா? வெட்டி வெட்டி எடுப்பாள். ஆகவே சமன்பாட்டைத் திருத்த வேண்டும்:

மொத்தச் சுமை = புதிய சுமை + (மீள முயல்வோர் விகிதம் × மறுப்பு விகிதம் × மொத்தச் சுமை)

எல்லோரும் மீள முயல்வதாகக் கொள்வோம். புதிய சுமை 10 எர்லாங் என்றால் மொத்தம் ஏறத்தாழ 10.5இல் நிலைத்துவிடும், மீளழைப்பு பெரிய தொல்லையல்ல. புதிய சுமை 20 ஆனாலோ சமன்பாட்டுக்குத் தீர்வே இல்லை. 15 தடங்கள் 15 எர்லாங்குக்கு மேல் சுமக்கமாட்டா. மீளழைப்புகள் குவிந்துகொண்டே போகும். நான் வலியுறுத்துவது இதையே: திருவிழா நாளின் நெரிசலில் கூட்டத்துக்கு எவ்வளவு பங்குண்டோ, திரும்பத் திரும்ப அழுத்தும் விரலுக்கும் அவ்வளவு பங்குண்டு.

4. கணினி கற்ற பாடம்

1986 ஒக்டோபரில் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் சில நூறு யார் தொலைவிலிருந்த பேர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான இணைப்பு, செக்கனுக்கு 32,000 பிற்றிலிருந்து 40 பிற்றுக்கு வீழ்ந்தது. தொலைந்த தரவுப் பொதிகளைக் கணினிகள் ஓயாமல் மீள அனுப்பியதும் அதற்கொரு காரணம். வான் ஜேக்கப்சன் 1988இல் விவரித்த தீர்வு எளியது: பொதி தொலைந்தால் அனுப்பும் அளவைச் சட்டெனக் குறை, பிறகு மெல்லக் கூட்டு. இயந்திரத்துக்கு இதைப் பழக்கியாயிற்று. மனிதரின் மீளழைப்பை மாதிரிக்குள்தான் கொண்டுவர வேண்டும்.

5. நடைமுறை

தலா 15 தடங்கள் கொண்ட இரு டவர்கள் தனித்தனியே 10 எர்லாங் ஏற்றால் மறுப்பு 3.65%. அதே 30 தடங்களையும் ஒன்றாகக் கொண்டு 20 எர்லாங்கை ஏற்றால் 0.85% மட்டுமே. தற்காலிக டவர் நிறுவுவோர் தடங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். அதற்கு முன், பதிவேட்டில் முதல் அழைப்பையும் மீளழைப்பையும் பிரித்தெழுத வேண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணினால் தேவை ஊதித் தெரியும்; நிறைவேறிய அழைப்பை மட்டும் எண்ணினால் 15 தடங்களில் 20 எர்லாங் தேவை வெறும் 13.4 ஆகச் சுருங்கித் தெரியும். அப்படிச் சுருங்கிய கணக்கை நம்பினால் அடுத்த ஆண்டும் 15 தடங்கள் போதுமென்றே முடிவாகும்.